கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால்? - மலிவு விலை மின் கிற்றார்கள் பற்றி ஒரு நோக்கு

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம்மவர் மத்தியில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. வாத்தியமொன்றைக் கற்க முற்படும் பிள்ளை, கருவியிற் குறை இருக்கிறது என்று வாய் திறந்தாற் போதும், இப்பழமொழியைக் கூறி அப்பிள்ளையின் வாயை அடைத்துவிடுவது பெரியோர்களின் வழக்கமாக உள்ளது. எனினும் கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

எமது நண்பர் ஒருவர், உயர்தரப் பரீட்சையை எழுதி முடித்த தனது மகனுக்கு மின் கிற்றார் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். புகழ்பெற்ற அமெரிக்கக் கிற்றார் ஒன்றின் தோற்றத்தை அப்படியே பின்பற்றிய மலிவு விலைப் பிரதி அது. மூன்று மாதங்களுக்குள் அக்கருவி வீட்டின் மூலையில் ஒதுங்கிவிட்டது. "அவனுக்கு ஆர்வம் இல்லை, பணம்தான் வீண்" என்று நண்பர் சலித்துக்கொண்டார். தற்செயலாக அவ்வீட்டுக்கு வந்த இசைக்கலைஞர் ஒருவர் கருவியை எடுத்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளிவந்தது. தந்திகள் தலைப்பகுதியைத் தாண்டி வருமிடத்தில் தேவைக்கு மேல் உயர்ந்து நின்றன. உலோக மெட்டுகளின் முனைகள் கையை அராவிக் கொண்டிருந்தன. இரண்டு மணித்தியால வேலையில் அவர் அவற்றைச் சீர்செய்து கொடுத்தார். அன்றிரவு பையன் உறங்கச் செல்ல நேரமாகிவிட்டது என்று நண்பர் பின்னர் எம்மிடம் கூறினார். தன்னிடம் திறமை இல்லை என்று அந்த இளைஞன் மூன்று மாதங்களாக நம்பியிருந்தான் என்பதே இதில் வருந்தத்தக்க விடயமாகும்.

மலிவு விலைப் பிரதிகளை வாங்குவோர் பெரும்பாலும் கவனிப்பது நிறத்தையும் வடிவத்தையும் தலைப்பகுதியில் உள்ள பெயரையுமே. ஆனால், வாசிப்பவரின் இடக்கை எந்நேரமும் தொட்டுக் கொண்டிருப்பது கருவியின் கழுத்தைத்தான். உடலைப் பிரதி செய்வது எளிது. கழுத்தைப் பிரதி செய்வதே கடினம். மலிவான கருவிகளுக்கிடையிலான உண்மையான வேறுபாடு அங்குதான் இருக்கிறது. அதனைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையதாக இருக்கும் எனக் கருதுகிறோம்.

இன்று உலகெங்கும் பிரதி செய்யப்படும் மின் கிற்றார் வடிவங்களில் மூன்று முதன்மையானவை. கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரில் வானொலி திருத்துநராக இருந்த லியோ பென்டர் 1950களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்த டெலிகாஸ்டர், 1954இல் வெளியிட்ட ஸ்ட்ராடோகாஸ்டர், கிப்சன் நிறுவனம் 1952இல் அறிமுகம் செய்த லெஸ் போல் ஆகியனவே அவை. வயலினைப் போன்று கழுத்தை உடலுடன் பசையிட்டுப் பொருத்துவது கிப்சனின் மரபு. பென்டரோ கழுத்தைத் தனியாகச் செய்து நான்கு திருகாணிகளால் உடலுடன் பூட்டினார். தொழிற்சாலையில் விரைவாகச் செய்வதற்கும் பழுதடைந்தால் கழற்றி மாற்றுவதற்கும் ஏற்ற முறை அது. பிற்காலத்தில் பிரதிகள் பெருகியமைக்கும் இந்த எளிமை ஒரு காரணமாகும்.

பிரதி என்று நாம் பொதுவாகக் குறிப்பிடும் கருவிகள் மூவகைப்பட்டவை. மூல நிறுவனமே தனது இரண்டாம் பெயரில் குறைந்த செலவுள்ள நாடுகளில் செய்விப்பன முதல் வகை. பென்டருக்கு ஸ்குவையரும் கிப்சனுக்கு எபிபோனும் அவ்வாறானவை. வடிவத்தைத் தழுவிக்கொண்டு, தலைப்பகுதியை மாற்றித் தமது சொந்தப் பெயரிலேயே விற்பன இரண்டாம் வகை. ஜேர்மனியின் தோமன் விற்பனை நிலையம் தனது சொந்தப் பெயராக விற்கும் ஹார்லி பென்டன் இதற்கு நல்ல உதாரணம். மூல நிறுவனத்தின் பெயரையே களவாகப் பொறித்து விற்கப்படும் போலிகள் மூன்றாம் வகை.

முதலிரண்டு வகைக்கும் மூன்றாம் வகைக்கும் இடையிலான கோட்டை நீதிமன்றங்களும் ஆராய்ந்துள்ளன. லெஸ் போலை ஒத்த உடலமைப்பு தொடர்பில் போல் ரீட் ஸ்மித் நிறுவனத்துக்கு எதிராகக் கிப்சன் பெற்றிருந்த தடையுத்தரவை, அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் நீக்கியது. ஸ்ட்ராடோகாஸ்டர், டெலிகாஸ்டர் ஆகியவற்றின் உடல் வடிவங்களை வர்த்தகச் சின்னமாகப் பதிவு செய்ய பென்டர் எடுத்த முயற்சியை, அந்நாட்டின் வர்த்தகச் சின்ன விசாரணைச் சபை 2009இல் நிராகரித்தது. எண்ணற்றோர் நெடுங்காலமாகச் செய்துவரும் வடிவம் பொதுவானதாகிவிட்டது என்பதே அதன் காரணம். ஆனால், பெயரைத் திருடுவது வேறு விடயம். பொய்ப்பெயரைத் தாங்கிய கருவி பழுதடைந்தால் அதற்குப் பொறுப்புக் கூற எவரும் முன்வரமாட்டார்கள் என்பதை வாங்குவோர் மறக்கலாகாது.

பிரதி என்றால் தரக்குறைவு என்ற எண்ணத்தை முதலில் உடைத்தவர்கள் ஜப்பானியர்கள். மட்சுமோட்டோ நகரின் புஜிஜென் தொழிற்சாலையில் ஐபனீஸ், கிரேக்கோ போன்ற பெயர்களில் 1970களில் செய்யப்பட்ட கருவிகளும், ஹமமட்சுவின் டோக்காய் நிறுவனம் அத்தசாப்தத்தின் பிற்பகுதியில் செய்தவையும் அமெரிக்க மூலங்களுக்கே சவாலாக அமைந்தன. கிப்சனின் அப்போதைய உரிமை நிறுவனமான நோர்லின், ஐபனீஸின் அமெரிக்க விநியோகஸ்தருக்கு எதிராக 1977இல் வழக்குத் தொடர்ந்தது. தலைப்பகுதியின் வடிவமே அவ்வழக்கின் பொருளாக இருந்தது. மறு ஆண்டு அது நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டது. பென்டர் வேறு வழியைத் தெரிவு செய்தது. 1982இல் ஜப்பானியப் பங்காளிகளுடன் இணைந்து அங்கேயே உற்பத்தியைத் தொடங்கியதுடன், தான் 1965இல் வாங்கியிருந்த பழைய தந்தி உற்பத்தி நிறுவனமான ஸ்குவையரின் பெயரை மலிவுக் கிற்றார்களுக்குச் சூட்டியது. அவ்வாண்டின் ஸ்குவையர் கருவிகளைத் தேடி வாங்குவோர் இன்றும் உள்ளனர். அவற்றின் கழுத்து வேலைப்பாடே அதற்கு முக்கிய காரணமாகச் சொல்லப்படுகிறது.

இனி, கழுத்து என்பது கையில் எவ்வாறு உணரப்படுகிறது என்பதைப் பார்ப்போம். இதனைத் தீர்மானிப்பவை நான்கு அளவுகள். முதலாவது, கழுத்தின் பின்புற வளைவு. உள்ளங்கை பற்றும் அந்தப் பகுதி மெலிந்ததாகவோ பருத்ததாகவோ நடுவிற் கூர்ந்ததாகவோ இருக்கலாம். இரண்டாவது, விரற்பலகையின் மேற்பரப்பு வளைவு. அது ஒரு வட்டத்தின் ஆரையால் குறிக்கப்படும். பழைய பென்டர்களில் இந்த ஆரை 7.25 அங்குலம், அண்மைக்கால பென்டர், ஸ்குவையர் கருவிகளில் பெரும்பாலும் 9.5 அங்குலம், கிப்சன், எபிபோன் கருவிகளில் 12 அங்குலம். ஆரை குறையக் குறைய வளைவு கூடும். 42 மில்லிமீற்றர் அகலமுள்ள பலகையில் 7.25 அங்குல ஆரை, நடுப்பகுதியை ஓரங்களைவிட ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர் உயர்த்துகிறது. 12 அங்குல ஆரையில் அது 0.7 மில்லிமீற்றர் மாத்திரமே. வேறுபாடு அரை மில்லிமீற்றர்தான். ஆயினும் விரல்கள் அதனை உடனே அறிந்துகொள்ளும். வளைவு கூடிய பலகையில் பல தந்திகளை ஒருசேர அழுத்தி வாசிப்பது இதமாக இருக்கும். தட்டையான பலகையில் தந்தியை பக்கவாட்டில் இழுத்துக் கமகம் போன்று ஒலிக்கச் செய்வது எளிதாகும்.

மூன்றாவது, தலைப்பகுதிக்கு அருகில் கழுத்தின் அகலம். அது 42 அல்லது 43 மில்லிமீற்றர் அளவில் இருப்பதே வழக்கம். நான்காவது, அதிரும் தந்தியின் நீளம். பென்டர் வகையில் அது 25.5 அங்குலம், கிப்சன் வகையில் 24.75 அங்குலம். ஒரே தடிப்புள்ள தந்தியை ஒரே சுருதிக்கு ஏற்றும்போது, நீளம் குறைந்த கருவியில் இழுவிசை குறைவாக இருக்கும். மெட்டுகளும் சற்று நெருக்கமாக அமையும். சிறிய கையை உடைய பிள்ளைக்கு இது ஓர் அனுகூலம் என்பதை மறுப்பதற்கில்லை.

இந்த அளவுகளைப் பொறுத்தவரை மலிவுப் பிரதிகளும் விலையுயர்ந்த மூலங்களும் பெரிதாக வேறுபடுவதில்லை என்பதே வியப்புக்குரியது. ஸ்குவையரின் தொடக்கநிலை வரிசையான அபினிட்டி, மெலிந்த கழுத்தையும் 9.5 அங்குல ஆரையையும் கொண்டது. அதனைவிட உயர்ந்த கிளாசிக் வைப் வரிசையிலும் ஆரை அதுவே. ஆனால், பின்னதில் மெட்டுகள் ஒடுங்கி உயர்ந்தவை; கழுத்தின் பின்புறம் பளபளப்பான நிறமூட்டிய பூச்சுடன் பழைய கருவியின் தோற்றத்தைத் தருகிறது. எபிபோன் லெஸ் போலின் இன்றைய ஸ்டான்டர்ட் வகைகளில், 1950களின் பெயர் தாங்கியது உருண்டு திரண்ட கழுத்தையும் 1960களின் பெயர் தாங்கியது மெலிந்த கழுத்தையும் உடையன. பெரிய கையினர் முன்னதையும் சிறிய கையினர் பின்னதையும் விரும்புவது இயல்பு. அதே எபிபோனின் மிக மலிவான ஸ்பெஷல் வகையில் கழுத்து பசையிடப்படாது, பென்டர் முறையில் திருகாணிகளாற் பூட்டப்பட்டிருக்கும். இதனைக் குறை என்று நாம் கருதவில்லை. இறுகப் பூட்டப்பட்ட திருகாணி, அரைகுறையாக ஒட்டிய பசையைவிட மேலானது.

அவ்வாறாயின் மலிவு எங்கே தெரிகிறது? கையாற் செய்யப்பட வேண்டிய இறுதி வேலைகளில்தான் அது தெரிகிறது. கணினி வழி இயங்கும் இயந்திரம் உடலையும் கழுத்தையும் துல்லியமாகக் கடைந்து தந்துவிடும். அதன் பின்னர், வீணையிலும் உள்ளதை ஒத்த மெட்டுகளை இருபத்தொன்றோ இருபத்திரண்டோ எண்ணிக்கையில் பலகையில் அழுத்திப் பதிக்க வேண்டும். அவற்றின் உச்சிகளை ஒரே மட்டத்துக்கு அராவி, மீண்டும் வட்டமாக்கி, மெருகிட வேண்டும். இரு ஓரங்களிலும் முனைகளைச் சரித்து மழுக்க வேண்டும். தலைப்பகுதியருகில் தந்திகளைத் தாங்கும் சிறு துண்டில், ஒவ்வொரு தந்திக்கும் உரிய ஆழத்தில் ஆறு பள்ளங்களை அரிய வேண்டும். விலையுயர்ந்த கருவிகளில் இவ்வேலைகளுக்கு அனுபவமுள்ள தொழிலாளியின் நேரமோ, ஜேர்மனியில் உருவாக்கப்பட்ட பிளெக் போன்ற அளவிடும் இயந்திரமோ செலவிடப்படுகிறது. மலிவான கருவியில் குறைக்கப்படுவது இந்த நேரமே. பள்ளம் ஆழமாகிவிட்டால் துண்டையே மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், தொழிற்சாலைகள் அதனைச் சற்று உயர்வாகவே விட்டுவிடுகின்றன. அதன் விளைவை, கற்கத் தொடங்கும் பிள்ளையின் விரல் நுனிகள் அனுபவிக்கின்றன.

மரமும் காலநிலையும் இங்கு கவனத்திற் கொள்ளப்பட வேண்டியவை. மரம் ஈரத்தை உறிஞ்சி விரியும், உலர்ந்தால் சுருங்கும். உலோக மெட்டு அவ்வாறு சுருங்குவதில்லை. போதியளவு உலராத மரத்தில் செய்யப்பட்ட கழுத்து, பின்னர் குளிரூட்டப்பட்ட அறையில் வைக்கப்படும்போது சுருங்குகிறது. மெட்டுகளின் முனைகள் வெளியே துருத்துகின்றன. எமது கரையோர நகரங்களின் ஈரக்காற்றிலோ மறுபுறமாகக் கழுத்தின் வளைவு மாறக்கூடும். இதனைச் சரிசெய்வதற்காகவே கழுத்தினுள் உருக்குக் கம்பி ஒன்று பொருத்தப்படுகிறது. கிப்சன் நிறுவனத்தின் தடியஸ் மக்ஹியூ 1923இல் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாடு, இன்று மிக மலிவான கருவிகளிலும் உள்ளது. கழுத்து முற்றிலும் நேராக இருப்பது நல்லது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், அதிரும் தந்திக்கு இடமளிக்கக் கழுத்தின் நடுவில் ஏறத்தாழ கால் மில்லிமீற்றர் பள்ளம் இருப்பது வழக்கம்.

விரற்பலகையின் மரமும் அண்மைக் காலத்தில் மாறியுள்ளது. ஈட்டி மர இனங்கள் அனைத்தும் 2017 ஜனவரியில் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. அதனைத் தொடர்ந்து ஸ்குவையர் உட்படப் பல மலிவு வரிசைகள் 'இந்தியன் லோரல்' என்ற பெயரில் வரும் மரத்துக்கு மாறின. நமது மொழியில் கருமருது என வழங்கப்படுவதும் அதுவே. முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்களிக்கப்பட்ட பின்னரும் பல உற்பத்தியாளர்கள் அதனையே தொடர்ந்தனர். பலகை வெளிறியும் உலர்ந்தும் தோன்றுகிறது என்பதற்காகக் கருவியை ஒதுக்கத் தேவையில்லை. சிறிதளவு எண்ணெய் தடவினால் அது கருமை பெறும். கழுத்தின் பின்புறப் பூச்சு இதனைவிட முக்கியமானது. தடித்த பளபளப்பான பூச்சில் வியர்வை படிந்த உள்ளங்கை ஒட்டிக்கொள்ளும். மங்கலான மென்பூச்சில் கை தடையின்றி வழுக்கிச் செல்லும். எமது வெப்பத்துக்கு, விலை குறைந்த அபினிட்டி போன்றவற்றின் மங்கலான கழுத்தே இதமானது என்று சொல்ல வேண்டியுள்ளது.

கழுத்துக்கு அப்பாலும் செலவு குறைக்கப்படும் இடங்கள் உண்டு. மூலங்களில் உள்ள அல்னிக்கோ காந்தங்களுக்குப் பதிலாகத் தொடக்கநிலைக் கருவிகளின் பிக்கப்களில் மலிவான செராமிக் காந்தங்கள் இருக்கும். ஒலிக் கட்டுப்பாட்டுத் திருகிகள் சிறியனவாக இருக்கும். சில காலத்தில் கரகரக்கும். தந்தி முறுக்கும் பிருடைகளில் பற்சக்கரம் தளர்ந்திருந்தால் சுருதி நிலைக்காது. ஆயினும் இவை அனைத்தும் பின்னர் மாற்றக்கூடியவை. கோணிய கழுத்தை மாற்றுவது கருவியையே மாற்றுவதற்கு ஒப்பாகும். ஆகவே பணம் குறைவாக உள்ளவர் கழுத்தில் விட்டுக்கொடுக்காது, ஏனையவற்றில் விட்டுக்கொடுப்பதே புத்திசாலித்தனமாகும்.

கடையில் கருவியைக் கையில் எடுப்பவர் ஐந்து நிமிடங்களில் செய்யத்தக்க சில பரிசோதனைகள் உள்ளன. கழுத்தின் இரு ஓரங்களிலும் விரல்களைத் தேய்த்துப் பாருங்கள். முனைகள் குத்தினால் அதனை வைத்துவிடுங்கள். ஒரு கண்ணை மூடி, தலைப்பகுதியிலிருந்து கழுத்தின் நீளத்தை நோக்குங்கள். ஓர் ஓரம் முறுகியிருந்தால் உருக்குக் கம்பியாலும் அதனைத் திருத்த முடியாது. முதலாம் தந்தியும் ஆறாம் தந்தியும் பலகையின் ஓரங்களிலிருந்து ஏறத்தாழ சம தூரத்தில் செல்கின்றனவா என்று கவனியுங்கள். இல்லாவிடின் கழுத்து கோணலாகப் பூட்டப்பட்டிருக்கலாம். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டுங்கள். ஒரு மெட்டில் மாத்திரம் ஒலி அடைபட்டால் அடுத்த மெட்டு உயர்ந்து நிற்கிறது என்பது பொருள். முதல் மெட்டில் தந்தியை அழுத்துவதற்கு, ஐந்தாம் மெட்டைவிட மிகுந்த பலம் தேவைப்படுகிறதா என்றும் பாருங்கள். இக்கடைசிக் குறையை அனுபவமுள்ளவர் குறைந்த செலவில் திருத்திவிடலாம். இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்குவோருக்கு இவற்றில் ஒன்றேனும் இயலாது. ஒரே தொழிற்சாலையின் ஒரே வகையிலும் இரு கருவிகள் வேறுபடுவதால், அடுத்தவரின் பாராட்டுரையும் முழு உத்தரவாதமாகாது.

மலிவின் மறுபக்கம் ஒன்றையும் இங்கு சொல்லாதிருக்க முடியாது. கிற்றார் உற்பத்தி கூலி குறைந்த இடத்தைத் தேடி ஜப்பானிலிருந்து தென்கொரியாவுக்கும், அங்கிருந்து சீனாவுக்கும் இந்தோனேஷியாவுக்கும் நகர்ந்தது. பிரபல நிறுவனங்கள் பலவற்றுக்குக் கருவிகள் செய்து கொடுத்த கொரியாவின் கோர்-டெக் குழுமம், 2007இல் தனது கொரியத் தொழிலாளர்களைப் பணிநீக்கம் செய்து அங்குள்ள தொழிற்சாலைகளை மூடும் நடவடிக்கையில் இறங்கியது. வேலை இழந்தவர்களின் போராட்டம் 2019 ஏப்ரலில் உடன்பாடு ஒன்று கையெழுத்தாகும் வரை நீடித்தது. பன்னிரண்டு ஆண்டுகள்! தமது கைகளால் ஆயிரக்கணக்கான கழுத்துகளை அராவி மெருகிட்ட மனிதர்கள் அவர்கள். தைத்த ஆடைக்கு ஈடாகாத கூலியைப் பற்றி நன்கறிந்த எமது நாட்டவர்களுக்கு இக்கதை புதிதல்ல. மெட்டின் முனை மழுங்கியிருக்கிறதா, கூராக இருக்கிறதா என்பது, யாரோ ஒரு தொழிலாளிக்கு அதற்கான நேரம் வழங்கப்பட்டதா இல்லையா என்பதையே சொல்கிறது.

மலிவான கருவியை வாங்குவது இழுக்கல்ல. பெரும்பாலான குடும்பங்களுக்கு அதுவே இயலும். நல்ல கழுத்தை உடைய மலிவுப் பிரதி ஒன்று, தெரிந்து தெரிவு செய்யப்பட்டால், பல்லாண்டுகள் துணை நிற்கும். வாங்கும் விலையில் ஒரு சிறு பகுதியை, அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்துக் கருவியைச் சீர்செய்வதற்கு ஒதுக்கி வைக்குமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம். பெரிய பெயரைத் தேடிச் செலவிடும் பணத்தைவிட அது கூடிய பலனைத் தரும். அத்துடன், விரல் வலிக்கிறது என்று பிள்ளை முறையிட்டால், பழமொழியை எடுத்து நீட்டுவதற்கு முன்னர் கருவியின் கழுத்தை ஒரு தடவை தடவிப் பார்க்க வேண்டும். கூடம் நேராக இருக்கிறது என்பதை உறுதிசெய்த பின்னரே ஆட்டத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நியாயமாகும்.